பத்துக்கு இரண்டு

எழுபத்துமூன்றாம் வருடம் தேனி பஜாரில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. அது நானே எனக்குக் கொடுத்துக்கொண்ட மரியாதை. இருபத்துநான்கு வயதில் அந்த வித்தியாசம் யாருக்குத் தெரிகிறது?

சீனிச்சாமி சலூனில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு பலகை உண்டு. சனிக்கிழமை விடிந்ததும் நான் எழுதிய தாள் அதில் ஒட்டப்படும். அப்பா ஞானசிகாமணி பெயிண்ட் கடை வைத்திருந்தார். கம்பெனிக்காரர்கள் அனுப்பி, வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சிய பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம்தான் என் பத்திரிகை. மூன்று பத்தி. முதல் பத்தியில் அந்த வாரம் வந்த காமிக்ஸ். நடுவில் இலங்கை வானொலியில் நேயர்கள் ஓட்டுப் போட்டு முதல் பத்து இடத்துக்கு வந்த பாட்டுகள். கடைசியில் குஸ்தி. எல்லாவற்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க். கீழே 'நடுவர்' என்று கையெழுத்து. அந்த நடுவர் யார் என்று பஜாருக்கே தெரியும். தெரிய வேண்டும் என்றுதானே தாளை ஒட்டிவிட்டுப் பத்து நிமிடம் அங்கேயே நின்று மீசையைத் தடவிக்கொண்டிருப்பேன்!

எனக்கு ஒரு வரி பாட்டு எழுத வராது. ஒரு கோடு நேராக இழுக்க வராது. கடை ஏணியில் நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆனால் மார்க் போடுவேன். 'கேப்டன் கந்தர்வனின் குதிரைக்கு இந்த இதழில் ஐந்து கால் வரைந்திருக்கிறார்கள், பத்துக்கு மூன்று' என்று எழுதுவேன். 'ஏழாம் இடத்துப் பாடகருக்கு ஜலதோஷம், பத்துக்கு நாலு.' சலூனில் முகச்சவரத்துக்கு உட்கார்ந்தவர்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். சிரிப்பு வந்த பக்கமெல்லாம் என் பேனா ஓடியது. நல்ல வார்த்தை எழுதினால் யாரும் சிரிப்பதில்லை என்பதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டேன்.

அந்த ஆவணியில் பஞ்சு மில்லுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் ஒரு குஸ்திக் கம்பெனி வந்து கொட்டகை போட்டது. சனியும் ஞாயிறும் சாயங்காலம் சண்டை. அதுவரை பேப்பரில் வந்ததையும் மதுரை நோட்டீஸையும் வைத்து எழுதிக்கொண்டிருந்த எனக்குத் தலைகால் புரியவில்லை. முன்பெஞ்சில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்துவிடுவேன்.

பஞ்சாப் புலி என்று ஒருவர் கதாநாயகன். அவரிடம் அடி வாங்குவதற்கென்றே பாக்தாத் பூதம் என்று ஒருவர். பூதத்துக்குக் கறுப்பு முகமூடி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. வாயைத் திறந்து ஒரு சொல் பேசாது. முதல் பத்து நிமிடம் புலியின் கண்ணில் மண்ணைத் தூவும், கயிற்றில் கட்டி நெரிக்கும், தலைக்கு மேல் தூக்கிச் சுற்றும். ஜனங்கள் கடலைத் தொலியை அள்ளி எறிவார்கள். அப்புறம் புலிக்கு வீரம் வரும், பூதம் தடால் என்று விழும், மணி அடிக்கும். எல்லாம் பேசிவைத்துக்கொண்ட சண்டை என்று எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்பதில் தனி கர்வம். முதல் வாரம் பூதத்துக்கு மூன்று மார்க் போட்டேன்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைதான் அதைக் கவனித்தேன். புலியைத் தூக்குவதற்கு முன் பூதம் இடது உள்ளங்கையால் அவர் முதுகில் இரண்டு தட்டுத் தட்டியது. அப்புறம் முகவாயை நெஞ்சோடு அழுத்தி, 'ஹுப்' என்று மூச்சு விட்டுத் தூக்கியது. தேனி மண்டியில் மூடை தூக்குகிறவர்கள் அப்படித்தான் தூக்குவார்கள். இரண்டு தட்டுத் தட்டினால் உள்ளே இருப்பது ஒரு பக்கமாக அமரும், பாரம் தோளில் சரியாக உட்காரும். ஆனால் தகர டப்பாவைக்கூடத் தட்டிவிட்டுத் தூக்குகிற லோடுமேன் ஒருவன்தான் இருந்தான். எங்கள் கடைக்குச் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த ஜெயமங்கலம் ஒச்சாண்டி. இரண்டு வருடத்துக்கு முன்னால், மலை மேலே எஸ்டேட்டில் வாச்மேன் வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனவன்.

தெரிந்த மனிதனை இத்தனை நாள் கழித்துப் பார்த்தால், 'அட, நம்ம ஒச்சாண்டி! எப்படி இருக்கிறானோ' என்றுதானே முதலில் தோன்ற வேண்டும்? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்த தாளுக்கு விஷயம் கிடைத்துவிட்டது என்றுதான் தோன்றியது. இதை எழுதும்போதே எனக்குக் கூசுகிறது.

அந்த வாரத் தாளில் இப்படி எழுதினேன்: 'பூதத்தின் குட்டு உடைந்தது. பாக்தாத் எங்கே இருக்கிறது? பெரியகுளம் தாண்டி ஜெயமங்கலம் பஸ் நிற்கும் இடத்தில் இருக்கிறது. முகமூடிக்குள் இருப்பது நம் பஜாரில் பெயிண்ட் டின் சுமந்த ஒச்சாண்டி. மூடையைத் தட்டிப் பழகிய கை புலியையும் பருத்தி மூடை என்று நினைத்துத் தட்டுகிறது. சுமக்கத் தெரிந்தவனுக்கெல்லாம் சண்டை தெரியுமா? விழுவதற்குச் சம்பளம் வாங்கும் உத்தியோகம் உலகத்திலேயே இவனுக்குத்தான். பத்துக்கு இரண்டு. அந்த இரண்டும் விழும்போது வரும் சத்தத்துக்கு.'

சீனிச்சாமி எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இது வேணுமா தம்பி?"

"உள்ளதத்தான அண்ணே எழுதியிருக்கேன்."

"உள்ளதுதான்" என்றார். அன்றைக்குச் சலூனுக்கு வந்து வாசித்த ஆறேழு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சில் ஆராதனைக்குப் போவதற்கு முன்னால் மீசையைச் சரிசெய்துகொள்ளச் சலூனில் உட்கார்ந்திருந்தேன். தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, பின்வாசல் வழியாகக் குனிந்து ஒரு ஆள் உள்ளே வந்தான். துண்டை எடுத்தான். ஒச்சாண்டிதான். கழுத்து இன்னும் தடித்திருந்தது. வலது புருவத்தில் புதிதாக ஒரு வெட்டு.

"சின்ன மொதலாளி, நல்லா இருக்கீகளா? ஐயா சௌக்கியமா?"

"ஒச்சாண்டியா? நீ எங்க இங்கன?" என்றேன், ஒன்றும் தெரியாதவன் போல.

"சும்மா இருங்க. ஒங்களுக்குத்தான் தெரிஞ்சு போச்சே!" என்று சிரித்தான். "கொட்டகைக்கு டீ கொண்டாந்த ஆளு சொன்னாரு. சலூன் பலகையில எம் பேரு எழுதியிருக்காமே. என்ன எழுதியிருக்குன்னு கேட்டா அவருக்கும் வாசிக்கத் தெரியலை. மேனேசரு மராத்திக்காரரு, தமிழு தெரியாது. ஆனா யாராச்சும் சொல்லிட்டா எம் வேலை போயிரும். மூஞ்சி மூடியிருக்க வரைக்கும்தான பூதம்? அதான் விடியவும் ஓடியாந்தேன்." இதைப் பயந்துதான் சொன்னான். ஆனால் அவன் கண் பலகையை விட்டு நகரவில்லை. மெதுவாகக் கேட்டான்: "இதுல எம் பேரு எங்கன இருக்கு?"

எழுந்து போய்க் காட்டினேன். அவன் அந்த இடத்தில் விரலை வைத்தான். 'பெயிண்ட் டின் சுமந்த' என்பதற்கும் அடுத்த வரிக்கும் நடுவில் அவன் விரல் நின்றது.

"இம்புட்டுக்குள்ளயா எம் பேரு அடங்கிருச்சு? என்ன போட்டிருக்கு, வாசிங்க சின்ன மொதலாளி."

சீனிச்சாமி கத்தி தீட்டுவதை நிறுத்தினார். அப்போது நான் செய்திருக்க வேண்டியது என்னவென்று இன்றைக்கு எனக்கு நன்றாகத் தெரியும். தப்பாக எழுதிவிட்டேன், மன்னித்துவிடு என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குத் துணிச்சல் வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஒருவனைக் கேலி செய்ய அது தேவைப்படவில்லை. நான் தாளைப் பார்த்துக்கொண்டு, அதில் இல்லாததை வாசித்தேன்.

"பாக்தாத் பூதம் என்று நாம் அழைக்கும் மாவீரர் வேறு யாரும் அல்லர். நம் ஜெயமங்கலத்தைச் சேர்ந்த திரு. ஒச்சாண்டி அவர்கள்தான். தூக்குவதில் அவருக்கு இணை அவரே. அவர் தட்டித் தூக்கினால் சுருளி மலையும் எழுந்து வரும். இந்த மண்ணுக்கு அவரால் பெருமை. பத்துக்கு எட்டு."

அவன் விரல் இன்னும் தாளிலேயே இருந்தது. "திரு-ன்னா போட்டிருக்கீக?" என்றான்.

"ஆமா."

"மிச்சம் ரெண்டு எதுக்குக் கொறைச்சீக?"

"தோத்துப் போறியே, அதுக்கு."

"அது கெடக்குது. தோக்குறதுதான என் வேலையே! ஆனா நீங்க அந்தத் தட்டைக் கவனிச்சீக பாருங்க, அங்கதான் நிக்கிறீக. இத்தன ஊருல ஒருத்தரும் கவனிக்கலை. 'தூக்கப் போறேன், கழுத்தை இறுக்கிக்க'ன்னு புலிக்குச் சொல்றது அது. தட்டாமத் தூக்குனா எறக்கயில கழுத்து முறிஞ்சு போகும். அவருக்கு மூணு பொட்டப் பிள்ளைக." அதைச் சொல்லும்போது இடது கையால் காற்றில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினான்.

எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. அவன் விடவில்லை. அந்தத் தாளைத் தனக்கே கொடுத்துவிடச் சொன்னான். இங்கே இருந்தால் பெயர் ஊரெல்லாம் பரவிவிடும். இன்னொரு காரணமும் இருந்தது.

"வீட்டுல எஸ்டேட் வாச்மேன்னுதான் சொல்லி வச்சிருக்கேன். மூஞ்சிய மூடிக்கிட்டு ஊரு சிரிக்க அடி வாங்குறேன்னு பொண்டாட்டிகிட்ட எப்பிடிங்க சொல்றது? இத வச்சுச் சொல்லிருவேன். மூக்கம்மா அஞ்சாப்பு படிச்சவ. செவ்வாக்கிழமை ஊருல சாமி கும்பிடு. தேவதானப்பட்டியில இருந்து எம் மச்சான் அம்மாவாசி வாராக. 'தங்கச்சிய மூடை தூக்குறவனுக்குக் குடுத்துக் கெடுத்தேன்'னு எட்டு வருசமாப் பந்தியில வச்சுச் சொல்லுவாக. இத அவுக வாயாலேயே வாசிக்கட்டும்."

அவன் மனைவி வாசிப்பாள். மச்சான் வாசிப்பார். என்ன வாசிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்ல இன்னும் நேரம் இருந்தது. அவன் சவரக் கிண்ணத்துத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு, கிழிந்துவிடாமல், கைக்குழந்தையைத் தூக்குகிற பக்குவத்தில் தாளை உரித்துக்கொண்டிருந்தான். ஒரு மூலை வரவில்லை. நான் போய் அந்த மூலையை எடுத்துக் கொடுத்தேன். சீனிச்சாமி என் முகத்தைப் பார்க்கவில்லை.

சர்ச்சில் பாவ அறிக்கை சொல்லும்போது சபையோடு சேர்ந்து நானும் உதட்டை அசைத்தேன். அன்று சாயங்காலம் கொட்டகைக்கும் போனேன். பூதம் இரண்டு தட்டுத் தட்டியது. புலி கழுத்தை இறுக்கிக்கொண்டது தெளிவாகத் தெரிந்தது. ஜனங்கள் தொலி எறிந்தார்கள். பூதத்தின் முகமூடி ஒரு தடவை என் பெஞ்சுப் பக்கம் திரும்பியது. நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டேன்.

திங்கட்கிழமை மத்தியானம் அப்பா சாப்பிடப் போயிருந்தார். கடைக்கு ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். வெயிலில் நடந்து வந்த முகம். இடுப்பில் செருகியிருந்த மஞ்சள் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துக் கல்லாப் பலகை மேல் வைத்தாள்.

"இத எழுதுன சின்ன மொதலாளி நீங்கதான?"

மூக்கம்மாள் என்று புரிந்துவிட்டது. நான் எழுந்து நின்றேன். "உக்காருங்க" என்றேன். அவள் உட்காரவில்லை.

"நேத்து வந்தாக. வாசல்லயே நின்னு, 'இத வாசி, வாசி'ன்னாக. மொத வரியிலயே எனக்கு வெளங்கிருச்சு. அவுக மொகத்தப் பாத்தேன். கல்யாணத்தன்னைக்குக்கூட அப்பிடி ஒரு மொகத்த நான் பாத்ததில்ல. 'சலூன்ல என்னன்னு வாசிச்சாக, மொத நீங்க சொல்லுங்க'ன்னேன். ஒரு வார்த்தை விடாமச் சொன்னாக. நாலு வாட்டி மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே வந்திருப்பாக போல. அதையே தாளப் பாத்துக்கிட்டு நானும் வாசிச்சேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நாளைக்கு எங்கண்ணன் வாராக. தெனம் பேப்பர் படிக்கிறவுக. அவுகளை நான் ஏமாத்த முடியாது. ராவுக்கு இவுக தாளைத் தேடுவாக, எங்க வச்சேன்னு கேப்பாக. நீங்க நேத்து வாசிச்சத இப்ப எழுதிக் குடுங்க. இதே மாதிரி காயிதம், இதே மை. நாலு மணி பஸ்ஸுக்கு நான் போகணும்."

திட்டியிருந்தால் தேவலை. காலண்டர் கட்டைப் பிரித்து ஒரு தாளை உருவினேன். பேனாவைத் திறந்தேன். முதல் இரண்டு பத்தியையும் பழைய தாளைப் பார்த்து அப்படியே எழுதினேன். கேப்டன் கந்தர்வனின் குதிரைக்கு மறுபடி ஐந்து கால். கடைசிப் பத்திக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. நான் சொன்ன பொய் எனக்கு நினைவில்லை.

"பாக்தாத் பூதம் என்று நாம் அழைக்கும் மாவீரர் வேறு யாரும் அல்லர்" என்று மூக்கம்மாள் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரல். என் அலங்கார வார்த்தைகள் அவள் வாயிலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. நான் எழுதினேன். காது சுட்டது.

"நம் ஜெயமங்கலத்தைச் சேர்ந்த..." என்று சொல்லி நிறுத்தினாள். புருஷன் பெயரை அவள் சொல்ல மாட்டாள். "அந்த எடத்துல அவுக பேரு. முன்னால திரு போடணும், பின்னால அவர்கள் போடணும். அத மட்டும் ரெண்டு வாட்டி சொன்னாக."

போட்டேன். எட்டு வருடம் எங்கள் கடைச் சரக்கை இறக்கியவனை நாங்கள் 'ஏலே' என்பதற்கு மேல் கூப்பிட்டதில்லை.

சுருளி மலை எழுந்து வந்தது. மண்ணுக்குப் பெருமை வந்தது. மார்க் போடும் இடம் வந்தது. "பத்துக்குப் பத்தே போட்டுர்றேன்" என்றேன்.

"வேணாம்" என்றாள் வெடுக்கென்று. "நீங்க வாசிச்சது எட்டு. எட்டே போடுங்க. பத்துன்னு இருந்தா, அன்னைக்கு ஏன் மாத்தி வாசிச்சாகன்னு யோசிப்பாக. ஒருத்தர் மேல சந்தேகப்படத் தெரியாத மனுசன். நீங்க அவுகளுக்கு அதைப் பழக்கிவிட வேணாம்."

எட்டு போட்டேன். கீழே 'நடுவர்' என்று எழுதப் போனேன். "ஒங்க பேரு என்ன?" என்று கேட்டாள்.

"செல்வமணி."

"அதப் போடுங்க. அவுக பேரு முழுசா இருக்கையில ஒங்க பேரும் இருக்கணும்ல?"

தாள் எழுதத் தொடங்கிய மூன்று வருடத்தில் முதல் தடவையாக என் பெயரை எழுதினேன். அவள் வரிவரியாக விரல் வைத்துச் சரிபார்த்தாள். பலகையிலிருந்து உரித்த தாள் என்றால் பின்னால் பசை இருக்க வேண்டும் என்று அவளுக்குத்தான் தோன்றியது. நாலு மூலையிலும் மைதாப் பசையைத் தடவி, கதவில் ஒட்டி, தண்ணீர் தொட்டு உரித்துக் கொடுத்தேன். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பழைய தாளைக் கல்லாப் பலகையிலேயே விட்டுவிட்டுப் போனாள். எடுத்துப் போகச் சொல்லவும் முடியவில்லை, கிழித்துப் போடவும் அன்று எனக்குக் கை வரவில்லை.

அதற்குப் பிறகு, அந்தத் தாளை வாசித்த ஆறேழு பேரையும் தேடிப் போய் வாயைக் கட்டிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினேன். சீனிச்சாமியிடம் கடைசியாகப் போனேன். "நான் எதையும் வாசிக்கலையே தம்பி" என்றார். பலகையில் அடுத்த வாரம் எண்ணெய் விளம்பரம் ஒன்றை மாட்டிவிட்டார். நானும் ஏன் என்று கேட்கவில்லை.

கம்பெனி கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போனது. ஐந்தாறு வருடத்தில் முழங்கால் போய் ஒச்சாண்டி ஊருக்கே திரும்பி வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை. எண்பத்தாறில் அவன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. அப்பா இறந்துவிட்டதால் என் பெயருக்கே வந்தது. போகாமல் இருக்க எத்தனையோ காரணம் தேடினேன். போய்விட்டேன்.

நடுவீட்டில், சாமி படங்களுக்குப் பக்கத்தில், அந்தத் தாளைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். மை பழுத்திருந்தது. ஒச்சாண்டி காலைச் சாய்த்துச் சாய்த்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவுகதான் எழுதுனவுக! கீழ பேரு இருக்கு பாருங்க" என்று சம்பந்தி வீட்டாரிடம் காட்டினார். நரைத்த மீசையோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்த மச்சான் அம்மாவாசி எழுந்து எனக்குக் கும்பிடு போட்டார். "மாப்பிள்ளை வீட்டுக்காரவுக இன்னும் கேக்கல. எழுதுனவுக வாயாலயே ஒரு தரம் வாசிங்க சின்ன மொதலாளி" என்றார் ஒச்சாண்டி.

இருபது பேர் என் வாயைப் பார்த்தார்கள். மூக்கம்மாள் தாம்பூலத் தட்டோடு அடுப்படி நிலையில் நின்றாள். நான் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று வாசித்தேன். இந்த முறை எழுதியிருந்ததைத்தான் வாசித்தேன். திரு. ஒச்சாண்டி அவர்கள் என்ற இடத்தில் ஒச்சாண்டி தலையைக் குனிந்துகொண்டார். பத்துக்கு எட்டு என்று முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்த பிறகு, பதிமூன்று வருடத்துக்கு முன்னால் கேட்டது போலவே ஒச்சாண்டி கேட்டார்:

"மிச்சம் ரெண்டு எதுக்குக் கொறைச்சீகன்னு சொல்லுங்க, இவுகளும் கேக்கட்டும்."

நான் மூக்கம்மாளைப் பார்த்தேன். அவள் வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "தோத்துப் போனீங்களே, அதுக்கு" என்றேன்.